பழைய கார்: எதற்குப் பேரம் பேசலாம், எதற்குக் கூடாது?

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போனால் எத்தனை கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர், மைலேஜ் என்ன என்று கேட்கிறோம். ஏர்பேக் உண்டா என்று கேட்பவர் குறைவு.

சஸ்பென்ஷன் போயிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட் எல்லாம் கடையில் கிடைக்கும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ஏர்பேக் இல்லாமல் வந்த காரில் பின்னாளில் அதைப் பொருத்துவது நடைமுறையில் ஆகாத காரியம். அந்தக் காரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பதே என் கருத்து.

ஆர்.சி.யில் தயாரிப்பு ஆண்டைப் பாருங்கள். இந்தியாவில் விற்கும் எல்லாப் புதிய கார்களுக்கும் ஏ.பி.எஸ்., ஓட்டுநர் ஏர்பேக் இரண்டும் கட்டாயமானது 2019-ல்தான். முன்சீட்டில் பக்கத்தில் உட்காருபவருக்கான ஏர்பேக் 2021 இறுதியில். அதற்கு முந்தைய கார் என்றால் மாடல் பெயரை நம்பாதீர்கள், வேரியன்ட்டைக் கேளுங்கள். 2014-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத ஃபோக்ஸ்வேகன் போலோவுக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. இரண்டு ஏர்பேக் உள்ள அதே போலோ நான்கு நட்சத்திரம் வாங்கியது.

ஏர்பேக் இருந்தாலும் அது உயிரோடு இருக்கிறதா? சாவியை ஆன் செய்ததும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லையென்றால் இன்னும் சந்தேகப்படுங்கள். விபத்தில் வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல், மூடியை ஒட்டி விளக்கின் இணைப்பைத் துண்டித்திருக்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக்கறை தெரிந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கக்கூடும். சென்னையில் 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ கார்கள் மூழ்கின.

சஸ்பென்ஷனை வெறும் சொகுசு விஷயமாக நினைத்துவிடவும் கூடாது. ஷாக் அப்சார்பர் செத்துவிட்டால் மேடுபள்ளத்தில் டயர் தரையில் பதியாமல் துள்ளும், ஏ.பி.எஸ். இருந்தாலும் வண்டி நிற்கத் தாமதமாகும். காரின் ஒரு மூலையை அழுத்திவிடுங்கள், ஒருமுறை எழும்பி அடங்க வேண்டும். ஷாக்கில் எண்ணெய்க் கசிவு, டயரில் ஒரு பக்கத் தேய்மானம், ஸ்பீட் பிரேக்கரில் 'டொக் டொக்' சத்தம் இருந்தால் மெக்கானிக்கைக் கூட்டிப் போய்க் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

விபத்தில் அடிபடவில்லை, ஏர்பேக் வெடித்ததில்லை, வெள்ளத்தில் மூழ்கியதில்லை என்று விற்பவரிடம் எழுதி வாங்குங்கள். விற்றவர் டீலர் என்றால், பிறகு பொய் எனத் தெரியவரும்போது இந்தத் தாள்தான் ஆதாரம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. தனிநபர் விற்றிருந்தால் நுகர்வோர் சட்டம் கைகொடுக்காது. சிவில் நீதிமன்றமோ, ஏமாற்றியதற்குப் போலீஸ் புகாரோதான் வழி. அங்கேயும் அந்தத் தாள் பேசும்.

காரை எடுத்த 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். ஆர்.சி. பெயர் மாற்றத்துக்கு 30 நாள் அவகாசம். பாலிசி பழைய ஓனர் பெயரிலேயே இருக்கும்போது வண்டி இடித்துக்கொண்டால், உங்கள் காரின் சேதத்துக்கான கிளெய்ம் மறுக்கப்படலாம்.