கொழும்பு வெக்கையில் பாம்புக்கு மரப்பெட்டி ஏன்?

பாம்பு பொதுவாகத் தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. இரை செரிப்பதுகூட வெளிச்சூட்டை நம்பித்தான். கண்ணாடி மரத்தைவிடப் பல மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே குளிர்நாட்டில் பாம்பு வளர்ப்பவர் மரப்பெட்டி செய்வதில் நியாயம் உண்டு: விளக்கின் சூட்டை மரச்சுவர் உள்ளேயே பிடித்துவைக்கும். கொழும்பின் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அந்த நியாயம் தலைகீழாகிறது. இங்கே ஆண்டுச் சராசரி வெப்பநிலை 27 பாகை செல்சியஸை ஒட்டியது. இரவிலும் அதிகம் இறங்காது. இங்கு பெட்டியின் வேலை சூட்டைக் காப்பதல்ல, வெளியேற விடுவது. சூடான காற்று மேலெழும் என்பதால் ஒரு பக்கத்தில் அடியிலும் எதிர்ப்பக்கத்தில் மேலேயும் துளைகள் வேண்டும். ஒரு மூலை சூடாகவும் மறுமூலை குளிர்ச்சியாகவும் இருந்தால்தான் பாம்பு நகர்ந்து தனக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளும்.

மரப்பெட்டிக்கு அடுத்த சிக்கல் ஈரம். வார்னிஷ் பூசினால் அது ஏறாதே என்பார்கள். பலகையின் முகத்துக்கு அது சரி. ஒட்டுப்பலகையின் வெட்டு விளிம்பும் ஆணித்துளையும் தண்ணீர்ச் சட்டிக்கு அடியிலுள்ள பலகையும்தான் கடற்கரை ஈரத்தைக் குடித்து உப்புபவை. பூஞ்சணமும் அங்கேதான் தொடங்கும். ஓயாத ஈரத்தில் கிடக்கும் பாம்புக்கு வயிற்றுச் செதில்களில் புண் வரும், மூச்சுத்தொற்றும் வரலாம். எனவே விளிம்புகளுக்கே முதல் பூச்சு; வாடை முற்றாகப் போன பிறகே பாம்பு உள்ளே போகவேண்டும்.

பெட்டி செய்ய இத்தனையும் தெரிந்தாலும், இங்குள்ள மலைப்பாம்பை அனுமதியின்றிப் பிடித்து அதில் அடைக்க இலங்கையில் யாருக்கும் உரிமை இல்லை. அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிரினம். வீட்டுக்குள் வந்துவிட்டால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.