எட்டாம் வகுப்பைக் காணாத பிள்ளைகள்

பள்ளிக்கூடங்களின் வருஷாந்தர அறிக்கைகளை நம்மவர் ஊன்றிப் படிப்பதில்லை. பரிசு பெற்ற பிள்ளைகளின் பெயர்களும், தேறினோர் தொகையும், தலைமை உபாத்தியாயரின் நன்றியுரையும் கொண்ட சில தாள்கள் அவை என்று கருதி ஒதுக்கிவிடுவது வழக்கமாயிருக்கிறது. ஆனால் கொரோனாக் கொள்ளைநோய் தேசத்தை வாட்டிய 2020-21ஆம் கல்வி வருஷத்தின் கணக்கை அவ்விதம் ஒதுக்கிவிடுதல் தகாது. அவ்வருஷத்தில் தமிழ்நாட்டிலே எட்டாம் வகுப்பிற் சேர்ந்து, எட்டாம் வகுப்பில் தேறி, எட்டாம் வகுப்பின் அறைக்குள் ஒரு நாளேனும் உட்காராமல் வெளியேறிய மாணாக்கர் பல லட்சம் பேர். சென்னைக்கு மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து நடுநிலைப் பள்ளிகளை மனத்திற்கொண்டு, அப்பிள்ளைகளின் பொருட்டு இன்று சில சொல்ல விரும்புகிறோம்.

முதலில் தேதிகளை நினைவூட்டுவோம். 2020 மார்ச்சு 17ந் தேதி முதல் தமிழ்நாட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டன. அம்மாதம் 25ந் தேதி தேசமெங்கும் ஊரடங்கு பிறந்தது. ஜூன் 19 முதல் 30 வரை சென்னைக்கும் அதனை அடுத்த திருவள்ளூர் முதலிய ஜில்லாக்களின் பகுதிகளுக்கும் மறுபடி முழு ஊரடங்கு விதிக்கப்பட்டது. 2021 ஜனவரி 19ந் தேதி பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளும், பிப்ரவரி 8ந் தேதி ஒன்பது, பதினோராம் வகுப்புகளும் திறக்கப்பட்டன. கீழ் வகுப்புகளின் கதவு அப்பொழுதும் திறக்கப்படவில்லை. நோய் மீண்டும் மூண்டெழவே, திறந்தவையும் மூடப்பட்டன. செப்டம்பர் 1ந் தேதி மேல் வகுப்புகள் தொடங்கின. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு நவம்பர் 1ந் தேதிதான் விமோசனம் கிடைத்தது. ஆக, நடுநிலைப் பள்ளிகள் பிள்ளைகளின்றிக் கிடந்த காலம் பத்தொன்பதரை மாதம்.

ஏழாம் வகுப்பின் முடிவுப் பரீட்சையை எழுதாமலே வீடு சென்ற பன்னிரண்டு வயதுப் பிள்ளை, மறுபடி பாடசாலை வாயிலை மிதித்தபோது ஒன்பதாம் வகுப்பு மாணாக்கனாயிருந்தான். ஐந்தாம் வகுப்பிலிருந்து சென்ற குழந்தை ஏழாம் வகுப்புக்குத் திரும்பி வந்தது. படிக்கட்டிலே ஒரு படி முழுவதும் இல்லாமற் போயிற்று.

இந்த இழப்பு எல்லோருக்கும் ஒரே அளவினதாக இருந்ததா? இவ்வட்டாரத்தின் வாழ்க்கையை அறிந்தோர் அவ்வாறு சொல்லார். அம்பத்தூரில் 1964ஆம் வருஷம் ஏற்பட்ட தொழிற்பேட்டை ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுவது. அங்கே இயந்திரங்கள் நின்ற வாரத்திலேயே பல வீடுகளில் கூலியும் நின்றது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையின் நிலையான சம்பளக்காரரும் இருக்கிறார்கள். அன்றாடம் வேலை தேடிப் புறப்படும் கொத்தரும் சித்தாளும் இருக்கிறார்கள். கோயம்பேட்டுச் சந்தையில் நோய் பரவியதனால் 2020 மே மாதம் காய்கறி மொத்த வியாபாரம் பூந்தமல்லியை அடுத்த திருமழிசைக்கு மாற்றப்பட்டு, செப்டம்பர் மாதக் கடைசிவரை அங்கேயே நடந்தது. நோய்க்கு அஞ்சி ஊரெல்லாம் வீட்டுக்குள் இருந்தபோது, மூட்டை சுமப்போரும் வண்டியோட்டுவோரும் அங்கே நள்ளிரவில் உழைத்துக்கொண்டிருந்தனர். இத்தகையோரின் இல்லங்களிற் கைப்பேசி ஒன்றிருந்தால் அதுவும் தகப்பனாரோடு வேலைக்குப் போய்விடும். மூன்று பிள்ளைகள் இருந்தால் யார் பாடம் கேட்பது? சம்பளம் கட்டிப் படித்த பிள்ளைக்குத் திரையில் உபாத்தியாயர் தோன்றினார். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைக்கோ இரவில் தகப்பனார் வீடு திரும்பிய பின்னரே அவர் குரல் கேட்டது.

சர்க்கார் கைகட்டி நின்றதென்று நாம் கூறவில்லை. 2019 ஆகஸ்டு மாதம் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சியின் வாயிலாகப் பாடங்கள் ஒளிபரப்பாயின. புத்தகங்கள் இலவசமாக வழங்கப்பட்டன. மதிய உணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் அளிக்கப்பட்டன. உபாத்தியாயர்களிற் சிலர் பிள்ளைகளின் தெருவுக்கே சென்று, திண்ணையிலும் மரத்தடியிலும் அமர்ந்து பாடஞ் சொல்லிய செய்திகள் பல ஊர்களிலிருந்து வந்தன. இவை யாவும் நன்றியோடு நினைக்கத்தக்கவை. ஆயினும் தொலைக்காட்சிப் பெட்டி பிள்ளையின் சந்தேகத்தைக் கேளாது. நோட்டுப் புத்தகத்தைத் திருத்தாது. கடைசி வரிசையிலே விழிக்கின்ற பையனின் முகத்தைப் பாராது.

விளைவு என்னவாயிற்று என்பதற்குச் சாட்சியங்கள் உண்டு. 2021 ஆகஸ்டு மாதம் தமிழ்நாடு உட்படப் பதினைந்து மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும், வறிய குடும்பங்களைச் சேர்ந்த ஏறக்குறைய 1,400 பிள்ளைகளிடையே ஓர் ஆய்வு நடந்தது. இணையத்தின் மூலம் ஒழுங்காகப் படித்து வந்தோர் நகரங்களில் நூற்றுக்கு 24 பேர். கிராமங்களில் 8 பேர். அவ்வருஷத் தொடக்கத்திலே அஸீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தார், கர்நாடகம் முதலிய ஐந்து மாநிலங்களில் இரண்டு முதல் ஆறாம் வகுப்பு வரையுள்ள 16,067 பிள்ளைகளைச் சோதித்தனர். முந்திய வருஷம் தெரிந்திருந்த மொழித்திறனில் ஒன்றையேனும் மறந்துவிட்டோர் நூற்றுக்கு 92 பேர் எனக் கண்டனர். பாடசாலை மூடியிருந்தபோது பிள்ளைகள் புதிதாகக் கற்கவில்லை என்பது பாதிச் செய்தியே; கற்றதும் கைநழுவிற்று என்பது மறு பாதி.

சட்டத்தின் நிலையையும் இங்கே நோக்குதல் வேண்டும். 2002ஆம் வருஷத்து 86ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வியை அடிப்படை உரிமையாக்கிற்று. அதனை நிறைவேற்றும் சட்டம் 2010 ஏப்ரல் 1ந் தேதி அமுலுக்கு வந்தது. அவ்வுரிமை முடிகிற எல்லைக்கல் எட்டாம் வகுப்பு. விடுதியிலே கைப்பேசிக்கு விதித்த தடையை எதிர்த்து ஒரு மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகுதல் கல்வியுரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரிலேயே தீர்ப்பளித்தது. ஆறு மாதத்திற்குப் பின் தேசமெங்கும் பள்ளிகள் மூடின. அத்தீர்ப்பை நினைத்து ஏழைப் பிள்ளைக்கு ஒரு கருவியைக் கையிற் கொடுத்தோர் மிகச் சிலரே. எல்லோரும் தேறியதாக அறிவித்தது அக்காலத்தில் வேறு வழியில்லாத செயல். அதனை நாம் குறை கூறோம். ஆனால் சட்டம் பிள்ளைக்கு வாக்களித்தது கல்வியை. சான்றிதழ் அக்கல்விக்கு அடையாளமேயொழிய அதற்கு ஈடாகாது. அடையாளத்தை மட்டும் கொடுத்துவிட்டுக் கணக்குத் தீர்ந்ததென்பது கடனாளி தானே எழுதிக்கொள்ளும் ரசீது போன்றது.

இவ்வளவு தடைகளுக்கிடையேயும் பிள்ளைகள் செய்த காரியங்களைச் சொல்லாமல் விடலாகாது. எட்டாம் வகுப்பு மாணாக்கர்க்கென்று தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு என்னும் பரீட்சை நடைபெறுகின்றது. சர்க்கார் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் படிக்கும் ஏழைப் பிள்ளைகளே அதற்கு உரியர். மனத்திறனைச் சோதிக்க 90 வினா. பாட அறிவைச் சோதிக்க 90 வினா. தேறி இடம் பெற்றோர்க்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்கு வருஷம் மாதம் 1,000 ரூபாய் உபகாரச் சம்பளம் கிடைக்கும். தமிழ்நாட்டுக்கு வருஷந்தோறும் ஒதுக்கப்பட்ட இடங்கள் 6,695. கொள்ளைநோய் வருஷத்திலும் இப்பரீட்சை நிற்கவில்லை. 2021 பிப்ரவரியில் நடந்தது. எட்டாம் வகுப்பு ஒரு நாளும் திறக்கப்படாத வருஷத்திலே, எட்டாம் வகுப்புப் பாடத்தில் பரீட்சை எழுதப் பிள்ளைகள் முகமூடியணிந்து வந்து உட்கார்ந்தார்கள்! தாமே படித்தும், அண்டை வீட்டு அக்காளிடம் கேட்டும், உபாத்தியாயர் கைப்பேசியில் அனுப்பிய வினாத்தாளைக் கையால் எழுதியெடுத்தும் அவர்கள் ஆயத்தமாக வேண்டியிருந்தது. வேறொரு வருஷத்தில் முதற்பரிசு பெறுவதைக் காட்டிலும் அவ்வருஷத்தில் அப்பரீட்சைக்கு வந்தமர்ந்ததே மேலான சாதனை என்போம்.

ஆவடியிலிருந்து மற்றொரு செய்தி. அங்குள்ள நரிக்குறவர் குடியிருப்பைச் சேர்ந்த பள்ளி மாணவியர் மூவர், தம் சமூகத்தார் படும் அவமதிப்பையும், வீட்டு வசதியின்மையையும், கல்வித் தடைகளையும் ஊரறியத் துணிந்து பேசினர். அதன் பயனாக முதலமைச்சர் 2022 ஏப்ரல் 15ந் தேதி அக்குடியிருப்புக்கு நேரில் வந்து, அவர்கள் இல்லத்தில் உணவருந்தினார். அவ்வருஷம் டிசம்பரில் அச்சமூகத்தைப் பழங்குடியினர் பட்டியலிற் சேர்க்கும் மசோதாவைப் பாராளுமன்றம் நிறைவேற்றிற்று. இது பன்னெடுங்காலக் கோரிக்கை. மூன்று சிறுமியர் பேச்சினால் மட்டும் விளைந்ததென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் பாடசாலை ஒரு பெண் குழந்தைக்கு அளிக்கக்கூடிய பெருஞ்செல்வம் அஞ்சாது பேசும் வாய் என்றால், அச்செல்வத்தை அவர்கள் கொள்ளைநோய்க்குப் பறிகொடுக்கவில்லை.

பூந்தமல்லியிலே பார்வையற்ற பிள்ளைகளுக்கென்று சர்க்கார் மேனிலைப் பள்ளி இருக்கிறது. விரலால் தடவி எழுத்தறியும் பிள்ளைக்குக் கண்ணாடித் திரையில் ஓடும் பாடம் என்ன பயன் தரும்? பள்ளிக்கூடம் மூடியபோது அவர்களுக்குத் தோழரும் துணையும் ஒருங்கே மறைந்தனர். தேசத்தின் கல்வித் திட்டங்களை வகுப்போர் இவர்களைக் கடைசியில் நினைக்காமல் முதலில் நினைத்திருந்தால், மற்றெல்லோர்க்கும் பொருந்தும் வழியும் அதிலேயே புலப்பட்டிருக்கும்.

பள்ளிகள் திறந்த பின்னர் நிகழ்ந்தது யாது? 2021 அக்டோபர் 27ந் தேதி விழுப்புரம் ஜில்லா முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கிற்று. தொண்டர்கள் மாலையில் ஒன்று ஒன்றரை மணி நேரம் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கற்பித்த அம்முயற்சி மெச்சத்தக்கது. ஆனால் அது அப்பொழுது ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ளோர்க்கே உரியதாயிருந்தது. 2022 ஜூனில் நமது திருவள்ளூர் ஜில்லாவின் அழிஞ்சிவாக்கத்திலே தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அப்பொழுது முதல் மூன்று வகுப்புகளின் குழந்தைகளுக்கானதாயிருந்தது. நாம் மேலே குறித்த பிள்ளைகளோ, எட்டாம் வகுப்பைக் காணாமலே, அதற்குள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தனர். சில வாரம் நடந்த புத்தாக்கப் பயிற்சியைத் தவிர அவர்களுக்கென்று ஒன்றும் வரவில்லை. நோய் அவர்களுடைய வகுப்பை எடுத்துக்கொண்டது. நிவாரணமோ ஒரு வயது வித்தியாசத்தில் அவர்களைத் தாண்டிச் சென்றது.

இத்தகைய விடுபாடு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அவர்களுக்கு மூத்தோரிடம் கண்டோம். பத்தாம் வகுப்பைப் பரீட்சையின்றிக் கடந்த மாணாக்கர் 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு வரவேண்டியிருந்தது. முதல் நாள் தமிழ்ப் பரீட்சைக்கே ஏறக்குறைய 50,000 பேர் வரவில்லை. தாய்மொழிப் பரீட்சைக்கு அஞ்சி ஒரு பிள்ளை ஒளிந்துகொள்ளாது. பாடசாலையின் தொடர்பு எப்பொழுதோ அறுந்துவிட்டது. பெயர் மட்டும் பதிவேட்டில் இருந்தது.

1955 ஜனவரியிலே இதே ஆவடியிற் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிஸ முறையில் அமைந்த சமுதாயமே தேசத்தின் குறிக்கோள் என்று தீர்மானித்தது. ஸ்ரீ தேபர் தலைமை வகித்த அம்மகாசபையின் தீர்மானத்தை இன்றும் ஆவடித் தீர்மானமென்றே உலகம் அழைக்கின்றது. அதனை அடுத்த வருஷங்களில் ஸ்ரீ காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தமிழ்நாடெங்கும் பரப்பி, பாடசாலைக்கு வராதிருந்த பிள்ளைகளை வரச்செய்தார். சமத்துவமென்பது மேடையிலே பிறந்து தட்டிலே சோறாக வந்த காலம் அது. அத்தீர்மானம் பிறந்த மண்ணிலேயே, கைப்பேசியுள்ள பிள்ளை படிக்க, இல்லாத பிள்ளை ஜன்னலருகே நின்று கேட்கும்படி விட்டோமென்றால், நம் தலைமுறை அதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

இனிச் செய்யவேண்டுவன மூன்று. முதலாவது: அன்று எட்டாம் வகுப்பில் இருந்தோர் 2025 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதியிருக்க வேண்டியவர்கள். அவர்களில் யார் எழுதினர், யார் இடையில் நின்றனர் என்பதைப் பாடசாலைப் பதிவேட்டைக் கொண்டு தெருத்தெருவாகக் கணக்கெடுத்தல் வேண்டும். அம்பத்தூர் சென்னை மாநகராட்சியிலும், ஆவடி தனி மாநகராட்சியாகவும், பூந்தமல்லி நகராட்சியாகவும் பிரிந்திருப்பதனால் ஒருவர்மேல் ஒருவர் பொறுப்பைத் தள்ளுதல் எளிது. வார்டு அங்கத்தினர்கள் அதற்கு இடங்கொடுக்கலாகாது. இரண்டாவது: நின்றுபோனோர்க்கு வழி அடைபடவில்லை. தனித்தேர்வராகப் பரீட்சை எழுதலாம். எட்டாம் வகுப்புச் சான்றிதழைக் கொண்டே சேரத்தக்க பிரிவுகள் தொழிற்பயிற்சி நிலையங்களில் உண்டு. அம்பத்தூரிலேயே சர்க்கார் நிலையம் இருக்கிறது. வழியைச் சொல்லிக் கைபிடித்து அழைத்துப் போக ஆள்தான் வேண்டும். மூன்றாவது: கல்வியுரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு சர்க்கார் பாடசாலைக்கும் மேலாண்மைக் குழு ஒன்று உண்டு. அதன் அங்கத்தினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்மக்கள். கூலிக்குப் போகும் தாய் அக்குழுவில் வாய்திறந்து கேட்க, அரசியல் அறிந்த அன்பர்கள் அவளுக்கு விதியை எடுத்துச் சொல்லித் துணை நிற்பது தேசத் தொண்டேயாகும்.

தேர்தல் வந்தால் வீடு வீடாக ஏறி இறங்கும் தொண்டர்கள் இவ்வூர்களிற் குறைவில்லை. எட்டாம் வகுப்பைக் காணாத பிள்ளைகள் இப்பொழுது வாக்காளர் பட்டியலில் ஏறும் வயதினர். அவர்களிடம் வாக்குக் கேட்கப் போகுமுன், அவர்கள் எந்த வகுப்பிலே நின்றார்கள் என்று ஒருமுறை கேட்டு வருவோமாக.