வாசகரின் பெயரைக் காத்த நூலகர்கள்

நூலகத்துக்கு வருபவர்களின் தேவை பலவகைப்படும். ஒருவர் தமக்கு வந்துள்ள நோயைப் பற்றி அறிய வருகிறார். இன்னொருவர் காணிச் சட்டத்தைத் தேடி வருகிறார். தாம் தேடுவதை வேறெவரோ பார்க்கிறார் எனத் தெரிந்தால் இவர்கள் வருவார்களா?

2005 யூலையில் ஐக்கிய அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இக்கேள்வி எழுந்தது. பல நூலகங்களுக்குக் கணனிச் சேவை வழங்கும் கூட்டு நிறுவனமொன்றிடம் எப்.பி.ஐ. புலனாய்வாளர் கடிதமொன்றைக் கொடுத்தனர். குறித்த ஒரு நாளில் நூலகக் கணனியைப் பயன்படுத்தியவர் பற்றிய விபரங்களை அது கேட்டது. நீதிமன்ற அனுமதி பெறப்படவில்லை. கடிதம் கிடைத்ததை வெளியே சொல்லவும் தடை.

நிறுவனப் பணிப்பாளர் ஜோர்ஜ் கிறிஸ்டியனும் மூன்று நூலகர்களும் விபரம் தர மறுத்து வழக்குத் தொடர்ந்தனர். தம் வழக்கு விசாரணையையே அவர்கள் வேறொரு நகரில், பூட்டிய அறையிலிருந்து தொலைக்காட்சியில் பார்க்க நேர்ந்தது. 2006 மார்ச்சில் அச்சட்டம் புதுப்பிக்கப்பட்டபோது, அதன் தாக்கத்தை நேரில் அறிந்த இவர்களால் வாய் திறக்க முடியவில்லை. அதன் பின்னரே தடை நீங்கியது. அரசும் தன் கோரிக்கையைக் கைவிட்டது.

நம்பத்தகுந்த நூல்கள் அலுமாரியில் இருந்தால் மட்டும் போதாது. அச்சமின்றி அவற்றைத் தேடவும் முடிய வேண்டும். வைத்திராத பதிவை எவராலும் கேட்டுப் பெற முடியாது. உங்கள் வாசிகசாலையின் பதிவேட்டையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். நூல் திரும்பி வந்த பின்னரும் வாசகரின் பெயர் அதில் ஏன் இருக்க வேண்டும்?