ஒரு செவியின் இழப்பும் மூளையின் மறுசீரமைப்பும்

ஒரு செவி கேளாதாயினும் மறுசெவி நன்கு கேட்குமாயின் குறையொன்றுமில்லை என்பது பொதுவான எண்ணம். மருத்துவ அளவீடுகளும் நீண்டகாலம் இவ்வெண்ணத்தையே தழுவிநின்றன. உலக சுகாதார நிறுவனம் 1991 இல் வகுத்த தரவரிசை நன்கு கேட்கும் செவியையே அளவுகோலாகக் கொண்டது. அதன்படி, ஒரு செவியின் கேள்வியை முற்றாக இழந்தவரும் குறையற்றவராகவே கணிக்கப்படலானார். கேட்டல் என்பது செவியோடு முடிந்துவிடும் செயலன்று. மூளையையும் சேர்த்து நோக்குமிடத்து நாம் வேறொரு முடிவுக்கே வரவேண்டியுள்ளது.

முதலில் இரு செவிகளின் தேவையை விளங்கிக்கொள்வோம். வலப்புறத்தில் எழும் ஒலி வலச்செவியை முந்தியும் இடச்செவியைச் சற்றுப் பிந்தியும் அடைகின்றது. இக்கால வேறுபாடு ஏறத்தாழ 0.7 மில்லிசெக்கனை விஞ்சுவதில்லை. மேலும், தலை தடையாக நிற்பதால் உயர் அதிர்வெண் ஒலிகள் அப்புறச் செவியில் வலிமை குன்றியே விழுகின்றன. கிடைத்தளத்தில் ஒலியின் திசையை இவ்விரு வேறுபாடுகளும் உணர்த்துவதை றேலி பிரபு 1907 இல் விளக்கினார். மூளைத்தண்டிலுள்ள நரம்புக் கலங்கள் இவற்றை ஒப்பிடுகின்றன. ஒரு செவி செயலிழந்ததும் அவ்வொப்பீட்டுக்கு இடமில்லாது போகின்றது. வாகனம் வரும் திசையை அறிதலும், சந்தடிக்கிடையே ஒருவரின் பேச்சைப் பிரித்துணர்தலும் கடினமாகின்றன.

இனி, மூளையின் மேற்பட்டையில் நிகழ்வதை நோக்குவோம். வளர்ந்தோரின் நரம்புப் பாதைகள் மாற்றமுறாதவை என்பது ஸ்பானிய அறிஞர் றமோன் இ கஹாலின் காலந்தொட்டு வேரூன்றியிருந்த கருத்தாகும். இயல்பான நிலையில் ஒரு செவியிற் புகும் ஒலி எதிர்ப்புற அரைக்கோளத்தையே கூடுதலாகத் தூண்டும். சத்திரசிகிச்சையின் பின் ஒரு செவியின் கேள்வியை இழந்த ஒருவரின் மூளையைக் காந்தப் பரிவுப் படங்கள் மூலம் ஓராண்டு காலம் அவதானித்த ஆய்வொன்று 2000 இல் வெளியாயிற்று. தொடக்கத்தில் ஒருபக்கம் மிகுந்திருந்த தூண்டல், காலப்போக்கில் இரு அரைக்கோளங்களிலும் சமநிலையை நெருங்கியது. இத்தகைய மாற்றங்கள் இரண்டு ஆண்டுகளுக்கேனும் தொடரக்கூடும் என்பதை 2001 இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டிற்று. எனவே முதிர்ந்த மூளையும் மாறுகின்றது என்பது தெளிவு.

ஆயினும் மாற்றத்தை மீட்சியெனக் கொள்ளலாகாது. எஞ்சிய செவியின் செய்தியை மூளை பரந்த அளவில் ஏற்றுக்கொண்டாலும், இழந்த செவியின் செய்தியை அதனாற் படைக்க இயலாது. சிலர் ஒலியின் வலிமையையும் புறச்செவி மடல் ஒலியில் ஏற்படுத்தும் மாற்றங்களையும் துணைக்கொண்டு ஓரளவு திசையறியப் பழகுகின்றனர். எனினும் இரு செவிகளின் நுண்மை அவர்களுக்குக் கிட்டுவதில்லை. செய்தி வராத பாதைகளில் நரம்புக் கலங்கள் தம் உணர்திறனை உயர்த்திக்கொள்வதே காதிரைச்சலுக்குக் காரணமாகலாம் எனவும் கருதப்படுகின்றது.

இவ்வறிவு நடைமுறையில் இரண்டு கடமைகளை நமக்கு உணர்த்துகின்றது. ஒரு செவி திடீரெனக் கேளாது போயின், மற்றது இருக்கிறதே என அமைந்திராது ஓரிரு நாள்களுள் வைத்தியரை நாடுதல் வேண்டும். சிகிச்சை முதல் இரு வாரங்களுக்குள் தொடங்கும்போதே பயன் மிகுதி. அடுத்தது சமூகத்தின் கடமை. ஒருபக்கச் செவிடுள்ளோருக்கும் நத்தைச்சுருள் உட்பதியக் கருவியைப் பொருத்த ஐக்கிய அமெரிக்கா 2019 இல் அனுமதி வழங்கியது. 2021 இல் உலக சுகாதார நிறுவனமும் தன் தரவரிசையில் ஒருபக்கக் கேள்வி இழப்பைத் தனி வகையாகச் சேர்த்துக்கொண்டது. ஏட்டில் ஏற்பட்ட இத்திருத்தம் வகுப்பறைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நட்டஈட்டுச் சட்டங்களுக்கும் எட்டும்போதே அது முழுமை பெறும்.