பத்துப் பேர் ஆட, ஐந்து பேர் வாசிக்க

பல்கலைக்கழக இளைஞர் விழாக்களில் நாட்டுப்புற நடனத்துக்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு வகுத்திருக்கும் விதியில் மூன்று எண்கள் முக்கியம். ஆடுபவர் 10 பேருக்கு மிகக்கூடாது. பக்கவாத்தியம் 5 பேர். நேரம் 10 நிமிடம். 1990இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின்கீழ் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி மாவட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. போட்டிக்காகச் சேர்கிற குழுதான் பெரும்பாலும் ஆண்டு விழாவிலும் ஆடும். ஆகவே பாளையங்கோட்டையில் நடக்கும் ஒரு கதம்ப நடன நிகழ்ச்சியின் அளவை இந்த மூன்று எண்களே பாதி தீர்மானித்துவிடுகின்றன.

கதம்பம் எங்கிருந்து வந்தது? சினிமா ஒரு வழி. அரசு இன்னொரு வழி. 2015 அக்டோபர் 31இல் அறிவிக்கப்பட்ட ‘ஒரே பாரதம் உன்னத பாரதம்’ திட்டத்தில் மாநிலங்களை ஜோடி சேர்த்தார்கள். தமிழ்நாட்டுக்கு வாய்த்த ஜோடி ஜம்மு காஷ்மீர். தாமிரபரணிக் கரைப் பிள்ளைகள் காஷ்மீரத்து ‘ரௌஃப்’ ஆட்டம் கற்றுக்கொள்வதற்குக் காரணம் இதுதான். பெண்கள் எதிரெதிராக இரண்டு வரிசையில் நின்று, தாங்களே பாடிக்கொண்டு ஆடுவது அதன் மரபு. வாத்தியச் செலவே கிடையாது. ஆனால் உடை ‘ஃபெரன்’, குளிருக்குத் தைத்த நீள அங்கி. பிப்ரவரியிலேயே 30 டிகிரியைத் தாண்டும் ஊரில் அதைப் போட்டுக்கொண்டு ஆடுகிற பிள்ளைகளுக்குத் தனிப் பரிசு தரலாம்.

கலப்பு நெல்லைக்குப் புதிதல்ல. நடராசரின் ஐந்து சபைகளில் இரண்டு பழைய நெல்லை மாவட்டத்துக்குள் இருந்தன: நெல்லையப்பர் கோயிலின் தாமிர சபை, குற்றாலத்துச் சித்திர சபை. குற்றாலம் 2019இல் தென்காசி மாவட்டத்தோடு போய்விட்டது. அந்தக் குற்றாலத்தை வைத்துத்தான் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் குறவஞ்சி எழுதினார். மதுரை முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் அதற்காக நிலம் கொடுத்தார் என்றும், அந்த நிலம்தான் ‘குறவஞ்சி மேடு’ என்றும் சொல்வார்கள். 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்திரம் தன் முதல் நாட்டிய நாடகமாக 1944இல் எடுத்துக்கொண்டது இதே குற்றாலக் குறவஞ்சியைத்தான். அதன் நிறுவனர் ருக்மிணி தேவி நடனம் அமைக்க, வீணை கிருஷ்ணமாச்சாரியார் இசையமைத்தார். குறத்தியின் ஆட்டமும் பரதமும் ஒரே மேடையில் ஏறின. கூடவே பாட்டுக்கும் வாத்தியத்துக்கும் ஆள் உட்கார்ந்திருந்தார்கள். இன்றைய கல்லூரி மேடையில் அந்த இடத்தில் ஒரு பென் டிரைவ் இருக்கிறது.

பென் டிரைவின் செலவு பூஜ்யம். சட்டமும் இடம் தருகிறது. கல்வி நிறுவனத்தின் நிகழ்ச்சியில், மாணவர், ஆசிரியர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையவர் மட்டுமே பார்வையாளர் என்றால், ஒலிப்பதிவைப் பயன்படுத்துவது பதிப்புரிமை மீறல் ஆகாது என்கிறது 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. டிக்கெட் போட்டு வெளியாரை அழைத்தால் கதை வேறு. டிக்கெட் 500 ரூபாய்க்கு மேல் போகாதவரை நடன நிகழ்ச்சிக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

கலைஞருக்கும் ஒரு விலக்கு உண்டு. நாட்டுப்புற அல்லது செவ்வியல் இசை, நடனம், நாடகம் நிகழ்த்துபவர் ஒரு நிகழ்ச்சிக்கு வாங்கும் தொகை 1,50,000 ரூபாய்க்குள் இருந்தால் வரி கிடையாது. பரதமும் கரகமும் பாங்ராவும் கலந்த ‘பியூஷன்’ இவற்றில் எந்தப் பக்கம் சேரும் என்று கேட்டால் ஆடிட்டர் கொஞ்சம் யோசிப்பார். ஆனால் சேவைத் தொழிலில் ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவே வேண்டும். கரகக்காரருக்கு அந்தக் கவலை எங்கே வரப்போகிறது?

மேடைக்கு வருவோம். 10 உருப்படி, ஒன்றுக்கு 10 நிமிடம்: 100 நிமிடம். இடையில் 9 மாற்றம், மூன்று மூன்று நிமிடம்: 27. வரவேற்பும் வாழ்த்துரையும் 30, பரிசளிப்பு 20. மொத்தம் 177 நிமிடம். மாலை 6.30க்குத் தொடங்கினால் 9.27க்கு முடியும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும். மிச்சம் 33 நிமிடம்; சிறப்பு விருந்தினர் அரை மணி நேரம் பிந்தினால் அதுவும் போச்சு. அதே விதிப்படி கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம்; அங்கே பகல் வரம்பு 50 டெசிபல். சவுண்டு சர்வீஸ்காரர் முதல் ‘செக் செக்’கிலேயே அதைத் தாண்டிவிடுவார்.

விளக்குச் செலவு மட்டும் நன்றாகக் குறைந்திருக்கிறது. பழைய ‘பார்’ (PAR) மேடை விளக்கு ஒன்று 1,000 வாட். 16 விளக்கு மூன்று மணி நேரம் எரிந்தால் 48 யூனிட். இப்போது வருகிற எல்.இ.டி. விளக்கில் 3 வாட் பல்பு 54, அதாவது 162 வாட். அதே 16 விளக்கு, அதே மூன்று மணி நேரம், 8 யூனிட்கூட ஆகாது. மிச்சமான காசு பெரும்பாலும் பின்னால் வைக்கும் எல்.இ.டி. திரைக்குப் போய்விடுகிறது.

பெரிய செலவு உடை. விலை ஊருக்கு ஊர் மாறும். கணக்குக்காக ஒரு செட் வாடகை 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலை தெரிந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். 10 உருப்படிக்குப் பத்துப் பேர் வீதம் 100 செட், 40,000 ரூபாய். பரதத்துக்கு நகை தனி. வடசேரியில் செய்யும் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு உண்டு என்றாலும் கல்லூரி மேடைக்கு வருவது அதன் வாடகை நகல்தான். அப்புறம் ஒத்திகை. 30 நாள், தினம் 2 மணி நேரம், 10 பேர் என்றால் 600 மணி நேர உழைப்பு. மேடையில் ஒரு நிமிடத்துக்கு 60 மணி நேரம். இதற்கு யாரும் பில் போடுவதில்லை.

இப்போது விதி சொன்ன அந்த ஐந்து பக்கவாத்தியக்காரர்கள். கரகத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளத்தில் பொதுவாக நாகசுரம் 2, தவில் 2, பம்பை, தமுக்கு, தாளம் ஒவ்வொன்று, ஆக 7 பேர். விதி 5 என்கிறது. ஒரு நாகசுரத்தையும் ஒரு தவிலையும் இறக்கினால் எண்ணிக்கை சரியாகிவிடும். ஆனால் இரண்டு தவில்காரர்கள் மாறி மாறிக் கேள்வியும் பதிலுமாக வாசிக்க, அதற்கு ஆட்டக்காரி சுழலும் இடம்தான் கரகத்தின் உயிர். ஒற்றைத் தவில் யாரிடம் கேட்கும்? குழுக்கள் ஒலிப்பதிவுக்குத் தாவுவதற்குக் காசு மட்டும் காரணமில்லை, இந்த விதியும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

அதே விதிக்குள் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்காரும் ஒரு கலை நெல்லையிலேயே இருக்கிறது: கணியான் கூத்து. பாடும் அண்ணாவி ஒருவர், பின்பாட்டு ஒருவர், மகுடம் என்ற பறை இரண்டு, அதில் ஒன்று உச்சம், ஒன்று மந்தம். நான்கு பேர், ஓர் இடம் மிச்சம். பெண் வேடமிட்டு ஆடுபவர் இரண்டு பேர். சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் அதற்குள்ள சடங்குப் பகுதி கோயிலுக்கே உரியது, அதை மேடைக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. மகுடத்தின் அடியும் காலடியும் போதும். காஷ்மீரோடு ஜோடி போட்டு ஆடும் ஊரில் சுடலைக் கோயில் ஆட்டத்துக்கு உருப்படிப் பட்டியலில் அநேகமாக இடமே இல்லை.

வாசிக்க ஆள் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள், நெல்லையில் ஒன்று. 12 வயது முதல் 25 வரை, மூன்றாண்டுப் படிப்பு, ஏழு பிரிவு. பரதநாட்டியத்துக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். தவிலுக்கும் நாகசுரத்துக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். மாணவருக்கு மாத உதவித்தொகை 400 ரூபாய். மேலே நாம் ஒரு செட் உடைக்கு ஓர் இரவு வாடகையாக வைத்துக்கொண்ட அதே தொகை! வாத்தியமும் உடையும் வாங்க ஆண்டுக்கு 500 நாட்டுப்புறக் கலைஞர்களுக்குத் தலா 10,000 ரூபாய் அரசு தருகிறது. மொத்தம் 50 லட்சம். நலிந்த கலைஞருக்கு மாதம் 3,000 ரூபாய்.

கடைசியாக ஒரு கூட்டல். மகுடக் குழு நான்கு பேருக்கு நிகழ்ச்சி அன்று தலா 2,000 என்று வைத்தால் 8,000. ஒத்திகைக்கு மூன்று நாள், நாளொன்றுக்கு ஆளுக்கு 1,000, அது 12,000. மொத்தம் 20,000 ரூபாய். உடைக் கணக்கில் பாதி, அதாவது 50 செட். ஐந்து உருப்படியைச் சொந்தப் பாவாடை தாவணியிலும் வேட்டி துண்டிலும் ஆடினால் அந்தப் பணம் வந்துவிடும். அடுத்த ஆண்டு விழாவுக்குப் பட்ஜெட் எழுத உட்காரும் பேராசிரியர்களும் மாணவச் செயலர்களும் முதல் வரியில் வாத்தியக்காரர் சம்பளத்தை எழுதுங்கள். டிரஸ் வாடகையை அதற்கு அடுத்த வரியில் எழுதிக்கொள்ளலாம்.