கயிற்றின் மறுமுனை
(கடல்மட்டத்திலிருந்து – 9)

சிலாவத்துறையில் மலை கிடையாது. தெற்கே குதிரைமலை இருக்கிறது. கிட்டப் போனால் கடலை முட்டி நிற்கும் செம்மண் மேடு, அவ்வளவுதான். ஊர் பேர்போனது ஆழத்துக்கு. ஒரு காலத்தில் முத்துக்குளிப்புக் கரை இது.

பனியாற்றுக் கதையை இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்றதும், சங்கு குளித்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: “மேல ஏறுறவைக்கு ஏன் தம்பி மூச்சு முட்டுது? அங்க தண்ணி இல்லையே?”

நியாயமான கேள்வி. கடலில் 10 மீட்டர் இறங்கினாலே உடம்பின் மேல் அழுத்தம் இரட்டிப்பாகிவிடும். முத்துப் பார்கள் கிடப்பது ஏறத்தாழ அந்த ஆழத்தில்தான். அதே அழுத்தம் பாதியாகக் குறைய, வானத்தை நோக்கி ஐந்தரை கிலோமீட்டர் ஏற வேண்டும். காற்று இருக்கும், நெஞ்சு நிறையாது.

சென்ற வாரம் லடாக்கில் விட்டுவந்த பூர்ணாவும் ஆனந்த் குமாரும் எவரெஸ்ட் ஏற 2014 ஏப்ரலில் ஏறத்தாழ அந்த உயரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். சமூகநல உறைவிடப் பள்ளிகளின் பிள்ளைகள். புறப்பட்டபோது ஆந்திரப் பிரதேசத்தார். ஜூன் 2இல் அவர்கள் ஊர்கள் தெலங்கானா ஆகிவிட்டன. 16 வயது நிறையாதவரை நேபாளம் எவரெஸ்டில் ஏற விடாது. பூர்ணாவுக்கு 13. ஆகவே திபெத் வழி.

அந்த வயதுப் பிள்ளையை அங்கே அனுப்பலாமா? எனக்கு இன்றைக்கும் மனம் ஒப்பவில்லை. ஏப்ரல் 18இல் மலையின் தெற்குப் பக்கம் பனி சரிந்து 16 நேபாளத் தொழிலாளர்கள் மாண்ட செய்தி வடக்கேயும் எட்டியது. அப்படியும் இருவரும் பயணத்தைக் கைவிடவில்லை.

அடிவார முகாமிலிருந்து கிழக்கு ரோங்புக் பனியாறு வழியே 20 கிலோமீட்டருக்கு மேல் நடை. சுமையை யாக் மாடுகள் தூக்கும். பனியாறு என்றதும் வெள்ளை வெளி என்று நினைக்கிறோம். பாதி வழி கல்லும் புழுதியும்தான். இடையிடையே நீலப் பனிக்கட்டி கோபுரம் கோபுரமாக நிற்கும். சுமார் 6,400 மீட்டரில் முன்முகாம். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், இந்தக் கடற்கரையில் கிடைப்பதில் பாதிகூட வராது. சப்பாத்து வாரைக் கட்டினாலே இளைக்கும்.

முன்முகாமுக்கு மேலே வடக்குக் கணவாயின் பனிச்சுவர். திபெத்திய மலையேறிகள் முன்னதாகவே போய்க் கயிறு பொருத்தியிருப்பார்கள். அதில் ஜூமார் என்ற பிடியை மாட்டி மேலே தள்ளித் தள்ளி ஏற வேண்டும்.

கயிறு என்றதும் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் காலத்து முத்துக்குளிப்பில் காலில் கல்லோடு இறங்கியவர் ஒரு நிமிடம் போலத் தாங்குவார். கயிற்றைச் சுண்டியதும் தோணியில் நிற்பவர் இழுத்தெடுப்பார். அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்று இந்தக் கரைகளில் ஒரு பேச்சு உண்டு. தங்கை தாலி அறுக்க அண்ணன் விடமாட்டான் அல்லவா?

“அங்க மேல ஆர் பிடிக்கிறது?”

“ஒருத்தரும் இல்லை ஐயா. பனிக்கட்டியில அடிச்சு இறுக்கியிருக்கும்.”

“அப்ப பிள்ளை தன்ரை பாட்டில இழுத்து ஏற வேணும்?”

“ஓம்.”

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். “தாய் தேப்பன் எங்க நிண்டவை?”

“பாகாலா எண்டு ஒரு ஊர். கூலிக்கு வயல் வேலை.”

(தொடரும்)