மரக்கட்டில் ஏன் கிறீச்சிடுகிறது?

புரண்டு படுத்தாலே வீட்டையெழுப்பிவிடும் கட்டிலின் சப்தத்துக்கு மரத்தின் முதுமையைக் காரணமாகச் சொல்வது வழக்கமெனினும், குற்றம் பெரும்பாலும் பொருத்துவாயினதே. ஈரம் வற்றுகையில் மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காமல் அகலவாக்கிலேயே சுருங்குவதால், காலின் துளைக்குள் இறுகியிருந்த சட்டத்தின் கழுந்து தளர்ந்து, நம் பாரம் மாறுந்தோறும் உராயத் தொடங்குகிறது. அசையாதிருக்கும் பரப்புகளுக்கிடையேயான உராய்வு, நழுவும்போதுள்ள உராய்வைவிட அதிகமாதலால், கழுந்து ஒரு கணம் பற்றி, மறுகணம் வழுக்கி, மீண்டும் பற்றி, இவ்வாறு அதிவேகமாக அதிர, அகன்ற பலகைகள் அவ்வதிர்வைக் காற்றுக்குக் கொடுக்கின்றன; பிடில் வில் தந்தியில் நாதம் எழுப்புவதும் இதே நியாயத்தால்தான், சுகம் மட்டுமே வேறு! மெல்லிய ஆப்பிறக்கி அசைவையே நிறுத்துவது உத்தமம். இயலாவிடில், பொருத்தைக் கழற்றி மெழுகுவர்த்தியைத் தேய்ப்பது மத்திமம். எண்ணெய் விடுவதை நான் சிபாரிசு செய்யேன்: மரம் அதைக் குடித்துவிடும், மிஞ்சியதில் தூசி ஒட்டும்.